இரண்டாவது ஒன்று நாற்பது

இதை எழுதுவதற்காக நோட்டு வாங்கி எட்டு வருடம் ஆகிறது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டேன், மூடி வைத்தேன். வருடத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்ப்பேன், மறுபடி பீரோவில் வைத்துவிடுவேன். எனக்கு எழுத்து வராது என்பது ஒரு காரணம். பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் முடித்துவிட்டு, இங்கே ஹைதராபாத்தில் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் முப்பத்து நான்கு வருடம் ஃபிட்டராக இருந்தவன் நான். ஆனால் அது பெரிய காரணம் இல்லை. நான் எழுதினால் என் வீட்டுக்காரி படிப்பாள். அவள் படிக்கக் கூடாத ஒன்று இதில் இருந்தது. போன தை மாதம் அவளும் போய்விட்டாள். இனி எழுதலாம்.

ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் வீட்டு மாடியில் நாலு வருடம் குடியிருந்த ஒரு அம்மாவைப் பற்றியது இது. பேர் போட மாட்டேன். "எழுதினா எழுதுங்க அண்ணாச்சி, எம் பேர மட்டும் போடாதீங்க" என்று அவரே சொல்லியிருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் அம்மா. அப்போது நாற்பது வயது இருக்கும். வீட்டுக்காரர் வளைகுடாவில் வேலை. இவர் இங்கே ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டருக்கு ப்ரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார்.

வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். வந்து நின்றபோது எங்கள் ஹால் கடிகாரத்தில் பத்து பத்து. பத்து நிமிஷம் லேட்டும்மா என்று சும்மா சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் கைபேசியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டார்.

"இந்தக் கடிகாரம் எந்த ஊர் மணி அண்ணாச்சி காட்டுது?"

என் வீட்டுக்காரி சமையலறையில் இருந்து சிரித்தது கேட்டது. நான் விளக்கினேன். முதல் ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடிய காலத்தில் இருந்து கடிகாரத்தைப் பத்து நிமிடம் முந்தி வைத்துப் பழக்கம். எங்கள் தெருவில் ஃபேக்டரிக்காரர்கள் வீட்டுக் கடிகாரம் எல்லாமே அப்படித்தான். அவர் ரொம்ப அக்கறையாகத் தலையாட்டினார். எப்போதும் பத்து நிமிடம்தானா, கூடக் குறைய ஓடுமா என்று கேட்டார். பத்துதான் என்றேன். மாடியைப் பார்க்கும் முன்பே, சரி, வீட்டை எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

குடி வந்த மறு வாரம் ஒரு சின்னச் சீட்டு எழுதி எடுத்து வந்தார். நாற்காலி போட்டு ஏறி, கடிகாரத்துக்கு அடியில் ஒட்டினார். 'இது பத்து நிமிடம் முந்தி ஓடும். ஹைதராபாத்.' கடிகாரத்தையே சரி பண்ணிவிட்டால் போதுமே என்று என் வீட்டுக்காரி கேட்டாள்.

"தப்பா ஓடினா ஓடட்டும்க்கா. எவ்வளவு தப்புன்னு தெரிஞ்சாப் போதும், நாம கழிச்சிக்கிடலாம்" என்றார் அவர்.

அந்தச் சீட்டு இன்றைக்கும் இருக்கிறது. ஓரம் மட்டும் மடிந்திருக்கிறது.

இதுதான் அவர். யார் மணி சொன்னாலும் எந்த ஊர் மணி என்று கேட்பார். நாலு மணிக்குத் தண்ணீர் டேங்கர் வரும் என்று வாட்ச்மேன் சொன்னால், காலையா சாயந்தரமா, டேங்கர்காரன் சொன்ன நாலா, நீயாகச் சொல்லும் நாலா என்று நிறுத்திக் கேட்பார். வாட்ச்மேன் அவருக்கு டைம் மேடம் என்று பேர் வைத்திருந்தான். "டைம் மேடம் கோ நக்கோ பூச்சோ சாப், ஆதா கண்டா ஜாத்தா" என்பான் என்னிடம். டைம் மேடத்திடம் கேட்காதீர்கள் சார், அரை மணி போய்விடும் என்று அர்த்தம். வீட்டுக்காரரோடு போனில் பேசும்போது மாடிப்படியில் கேட்கும்: "உங்க ஒம்பது, எங்க பத்தர. சரியா?" கட்டின புருஷனிடமும் அப்படித்தான்.

இது என்ன வேலைம்மா என்று ஒரு நாள் கேட்டேன். மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். கையில் மடித்த துணியோடு நின்று சொன்னார். எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன்.

அவர் கம்பெனியின் ப்ரோகிராம் பல தேசத்தில், பல வகைக் கம்ப்யூட்டரில் ஓடுமாம். விண்டோஸ் என்று ஒரு வகை, லினக்ஸ் என்று ஒரு வகை. விண்டோஸ் தன் உள்கடிகாரத்தில் அந்தந்த ஊர் மணியையே வைத்துக்கொள்ளும். லினக்ஸ் உலகத்துக்கெல்லாம் பொதுவாக ஒரே மணியை வைத்துக்கொண்டு, கேட்கும்போது மட்டும் ஊர் மணியாக மாற்றிக் காட்டும். ஊர்ப் பேரும் இதில் ஒரு மாதிரி, அதில் ஒரு மாதிரி. விண்டோஸில் இந்தியா என்று இருக்கும். லினக்ஸில் கல்கத்தா என்று இருக்கும். ஹைதராபாத்தில் உட்கார்ந்துகொண்டு கம்ப்யூட்டரிடம் நாம் கல்கத்தாக்காரர்கள் என்று சொல்ல வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பேசும்போது மணியை மட்டும் சொல்லி ஊரைச் சொல்லாமல் விட்டால் குழப்பம். அதைப் பார்த்துச் சரி செய்வதுதான் அவர் வேலை. உள்ளே ஒரே பொது மணியில் எழுதி வை, வெளியே காட்டும்போது ஊர்ப் பேரோடு காட்டு என்பதுதான் மொத்தமும் என்றார்.

எனக்கு அது அன்றைக்குப் பெரிதாகப் படவில்லை. கோயிலில் நடந்ததைப் பார்த்த பிறகு பட்டது.

எங்கள் காலனிப் பிள்ளையார் கோயிலில் விடியற்காலை ஐந்து மணிக்குச் சாமியை எழுப்பும் பாட்டு போடுவார்கள். யாரும் எழுந்து போய்ப் போட வேண்டாம் என்று ஒரு சின்ன மெஷின் வாங்கி வைத்தார்கள். கமிட்டி செயலாளர் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஐந்து என்று அடித்து அனுப்பினார். மறுநாள் ஐந்துக்கு ஒன்றும் பாடவில்லை. காலை பத்தரைக்கு, காய்கறி வண்டிக்காரர்கள் சத்தத்துக்கு நடுவில், ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில் சாமியை எழுப்ப ஆரம்பித்தது. மூன்று நாள் அப்படியே. செயலாளர் தெலுங்குக்காரர். சாமி ரிட்டயர் ஆயிட்டார் போல, பத்தரைக்குத்தான் எழுந்திருக்கிறார் என்று எல்லாரும் அவரைக் கேலி பண்ணினார்கள். நான்தான் எங்கள் மாடி அம்மாவைக் கூப்பிடலாம் என்று சொன்னேன்.  எல்லாருக்கும் அவர் யார் என்று தெரியும். கடைசியில் செயலாளரே மெஷினையும் கம்ப்யூட்டரையும் வெளியே தூக்கி வந்து, செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் மேஜை போட்டார். மாடி அம்மா வேப்பமரத்தடியில் நின்றபடி பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டார்.

"அஞ்சுன்னு போட்டிருக்காங்க. எந்த ஊர் அஞ்சுன்னு போடல. மெஷினு லண்டன் அஞ்சுன்னு நெனச்சிக்கிட்டு" என்றார்.

லண்டன் மணிக்கும் நமக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். அதன் பிறகு பாட்டு ஒரு நாளும் தவறியதில்லை. கமிட்டியில் தேங்காய் பழம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டார். உள்ளே வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

நோன்பு மாதத்தில் சாயந்தரம் பார்ப்பேன். கையில் பேரீச்சம்பழம் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார். ஊரில் இருந்து அவர் உம்மா போன் பண்ணி, பாங்கு சொல்லியாச்சு, இன்னும் நோன்பு திறக்கலையா என்று கேட்பார்கள். "அது உங்க ஊர் பாங்கும்மா, எங்களுக்கு இன்னும் மூணு நிமிசம் இருக்கு" என்பார் இவர். மௌலா அலிப் பக்கத்துப் பள்ளிவாசலில் இருந்து பாங்குச் சத்தம் வரும் வரைக்கும் அந்தப் பழம் கையிலேயே இருக்கும். நானும் விரதம் இருக்கிறவன்தான். சங்கடஹர சதுர்த்திக்குச் சந்திரன் பார்க்காமல் சாப்பிட மாட்டேன். அந்த மூன்று நிமிடம் எனக்குப் புரியும்.

எங்களுக்கு ஒரே பையன். இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவன். நாங்கள் தமிழில் பேசினால் தெலுங்கில் பதில் சொல்வான். அமெரிக்காவுக்கு வேலைக்குப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. தினமும் அவன் படுக்கப் போகும் முன் எனக்கு ஒரு செய்தி வரும். "தின்னாவா நான்னா?" சாப்பிட்டாயா அப்பா. அவ்வளவுதான். எனக்குச் சர்க்கரை, வேளைக்குச் சாப்பிட வேண்டும்.

பையனின் ஊர் மணி காட்ட இன்னொரு கடிகாரம் மாட்டலாம் என்று என் வீட்டுக்காரி கேட்டாள். பத்தரை மணி நேரம் கழித்து வைத்துவிட்டால் போதாதா? மாடி அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே வருடத்தில் இரண்டு தடவை எல்லாக் கடிகாரத்தையும் மாற்றுவார்களாம். நவம்பர் முதல் ஞாயிறு விடியற்காலை இரண்டு மணி ஆனதும், மறுபடி ஒரு மணி என்று பின்னால் தள்ளி வைத்துவிடுவார்கள். அன்று மட்டும் ஒன்றில் இருந்து இரண்டு வரைக்கும் உள்ள நேரம் இரண்டு தடவை வரும். பத்தரை மணி வித்தியாசம் அதோடு பதினொன்றரை ஆகிவிடும். என் வீட்டுக்காரி, "அப்ப அன்னிக்கி எம் புள்ள ஒரு மணி நேரம் கூடத் தூங்குவான்" என்றாள். அவர் ஆமாம் அக்கா என்று சிரித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நடந்தது.

முந்தின நாள் எனக்கு விரதம். ஞாயிறு காலை ஹால் கடிகாரத்தில் பத்து பத்து இருக்கும்போது பையனின் கூட்டாளி போன் பண்ணினான். இருவரும் ஒரே வீட்டில் இருப்பவர்கள். கூட்டாளி அன்று வேறு ஊரில் இருந்தான். என் பையனுக்குக் கார் விபத்து என்று ஆஸ்பத்திரியில் இருந்து அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உயிர் இருக்கிறது, நான் போய்க்கொண்டிருக்கிறேன் என்றான். அங்கே அப்போது சனி ராத்திரி பதினொன்றரை.

நான் குளித்துவிட்டுப் பூஜை அறையில் உட்கார்ந்தேன். நல்ல செய்தி வரும் வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன் என்று பிள்ளையாரிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். தெரிந்தது தீர்ந்த பிறகு பேரை மட்டும் சொன்னேன். ஹால் கடிகாரம் ஒரு மணி அடித்தது. என் வீட்டுக்காரி மோர் கரைத்துக்கொண்டு வந்து நின்றாள். எனக்கு அப்போதே தலை சுற்றிக்கொண்டிருந்தது.

"எழுந்து வந்து ஒரு வாய் குடிச்சிட்டு உக்காருங்க. நீங்களும் விழுந்துட்டா நான் என்னாத்தப் பண்ணுவேன்" என்றாள்.

எழுந்து போய்க் குடித்தேன். ஹாலில் நாற்காலியில் சாய்ந்தேன். திரும்பப் போய் உட்காரவில்லை.  கடிகாரத்தில் இரண்டே முக்கால் இருக்கும்போது போன் வந்தது. என் வீட்டுக்காரி எடுத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்கு வரிசையாக நினைவு இல்லை. அங்கேயே தகனம் முடித்து அஸ்தி வந்தது. யாரோ போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் போய் வாழைக்காய், பூசணிக்காய் எல்லாம் வாங்கி வந்தார்கள். நான் சொன்ன இடத்தில் உட்கார்ந்தேன், சொன்ன இடத்தில் தண்ணீர் விட்டேன். அழுகை வரவில்லை. வந்தவர்கள் என் வீட்டுக்காரியிடம் அதைப் பற்றிப் பேசினார்கள்.

மாதத் திதி கொடுக்க வேண்டும் என்றபோதுதான் கேள்வி வந்தது. கல்யாணம் ஆகாதவன், தம்பி இல்லை. நீங்கள்தான் கொடுக்க வேண்டும் என்றார் எங்கள் ஐயர். அமெரிக்காவில் இருந்து வந்த சான்றிதழில் ஞாயிறு விடியற்காலை ஒன்று நாற்பது என்று போட்டிருந்தது. அவர் பஞ்சாங்கத்தை விரித்தார். அன்றைக்கு நம் மணி பன்னிரண்டு முப்பத்தெட்டு வரைக்கும் தேய்பிறைச் சதுர்த்தி, அதற்கு மேல் பஞ்சமி. பத்தரை கூட்டினால் பன்னிரண்டு பத்து. சதுர்த்தி. பதினொன்றரை கூட்டினால் ஒன்று பத்து. பஞ்சமி.

"அன்னிக்குத்தான் அங்கே டைம் மாத்தறா. ரெண்டும் கூட்டலாம். சதுர்த்தின்னே வச்சுக்குங்கோ, விக்னேஸ்வரன் பாத்துப்பார்" என்றார்.

எனக்கு அது பிடித்திருந்தது. நான் உட்கார்ந்திருந்தபோதுதான் அவன் போயிருக்கிறான். என் சாமியின் திதியில், நான் பேர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் எடுத்துக்கொண்டார் என்று ஆகிவிடும். பஞ்சமி என்றால், நான் மோர் குடிக்க எழுந்த பிறகு. என் வாக்கு உடைந்த பிறகு. இதை நான் ஐயரிடம் சொல்லவில்லை. வீட்டில் சொல்ல முடியாது, எழுப்பினவள் அவள்தான்.

மாடி அம்மாவிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. மாடிப்படியில் நின்று, உட்கார்ந்தது, எழுந்தது, மோர், எல்லாம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"நீங்க எந்திரிச்சது ஹால் கடிகாரத்துல ஒண்ணா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப பன்னெண்டு அம்பது" என்றார்.

பத்து நிமிடத்தைக் கழித்துவிட்டார். எனக்கு அப்போது அவர் மேல் ஒரு கோபம் வந்தது. இந்த நேரத்திலும் இப்படியா என்று. அவர் கீழே இறங்காமல் அங்கேயே நின்றார். பிறகு, தெரிந்தே ஆக வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றால் சதுர்த்தி என்றே இருக்கட்டும், ஐயர் சொன்னது சொன்னதுதான் என்றார்.  நான் பார் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவரே பேசினார்.

"பத்தரையக் கூட்டி எழுதிட்டா, அவனோட ஒரு மணி நேரம் கணக்குல இல்லாமப் போயிருமே அண்ணாச்சி. அவன் உசுரோட இருந்த மணிய நாம எப்படி விடதுக்கு?"

நான் சரி என்றேன்.

கூட்டாளிப் பையனுக்கு அவர்தான் எழுதினார், அவர்தான் பேசினார். அவன் சொன்னதை எனக்கும் சொன்னார். ஆஸ்பத்திரி அறைக்குள் அவன் நுழைந்தபோது கம்ப்யூட்டர் திரையில் ஒன்று இருபத்தைந்து. எல்லாம் முடிந்தபோது ஒன்று நாற்பது. பார்த்தால் கால் மணி நேரம்தான். ஆனால் அவன் ரொம்ப நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதை யாரிடம் சொன்னாலும், துக்கத்தில் அப்படித் தோன்றும் என்றார்களாம். அது கால் மணி இல்லை, ஒன்றேகால் மணி நேரமாக இருக்குமோ என்று மாடி அம்மா கேட்டபோது அந்தப் பையன் போனிலேயே அழுதுவிட்டான்.

இது போதாது என்று, அந்தக் கூட்டாளிப் பையனைக் கொண்டு ஆஸ்பத்திரியில் எழுதிக் கேட்டுக் காகிதங்களை வரவழைத்தார். அதற்கு இருபது நாள் ஆயிற்று. இரண்டு வகைக் காகிதம். ஒன்று நர்ஸ் கம்ப்யூட்டரில் அடித்த குறிப்பு. இன்னொன்று படுக்கை அருகில் இதயத் துடிப்பைக் கோடு போடும் மெஷினில் இருந்து வந்த சீட்டு. ராத்திரி ஊசி போட்டதை இரண்டும் பதினொன்று ஐந்து என்று சொன்னது. அதனால் அதுவரை இரண்டு கடிகாரமும் ஒன்றாக ஓடியிருக்கின்றன. கடைசிக் கோடு வந்தபோது கம்ப்யூட்டரில் ஒன்று நாற்பது. மெஷின் சீட்டில் இரண்டு நாற்பது. கம்ப்யூட்டர் தானாக மணியைப் பின்னால் தள்ளிக்கொண்டது. மெஷினை யாராவது கையால் மாற்ற வேண்டும். அதுவரை யாரும் மாற்றியிருக்கவில்லை. தப்பாக ஓடிய அந்த மெஷின்தான் சரியான மணியைச் சொன்னது. அன்றைக்கு ஒன்று நாற்பது இரண்டு தடவை வந்தது. அவன் போனது இரண்டாவதில்.

இதை அவர் எனக்கு ஹாலில் உட்கார்ந்து சொன்னார். கையில் ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதி வைத்திருந்தார். நான் எழுந்தது நம் மணி பன்னிரண்டு ஐம்பது. அவன் போனது நம் மணி ஒன்று பத்து. இருபது நிமிடம். ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அந்தக் காகிதத்தை நான் சட்டைப் பையில் வைத்தபோது, என் வீட்டுக்காரி சமையலறையில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். அவளுக்குக் கூட்டத் தெரியும். பத்தரையும் பதினொன்றரையும் மாடி அம்மாவே சொல்லிக் கொடுத்ததுதான்.

"என்னா மணிக்கும்மா எம் புள்ள போனான்? சரியாத் தெரிஞ்சிதா?"

மாடி அம்மா அவளைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அதன் அடியில் இருந்த சீட்டையும் பார்த்திருப்பார்.

"ஒண்ணு நாப்பதுக்கா" என்றார்.

அவ்வளவுதான். எந்த ஊர் மணி என்று சொல்லவில்லை. முதல் ஒன்று நாற்பதா, இரண்டாவதா என்று சொல்லவில்லை. நாலு வருடத்தில் அவர் ஊர்ப் பேர் சேர்க்காமல் ஒரு மணி சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். என் வீட்டுக்காரி சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவர் எழுந்து மாடிக்குப் போனார். படியில் ஏறும் சத்தம் வழக்கத்தைவிட மெதுவாகக் கேட்டது.

நான் ஐயரிடம் பஞ்சமி என்று சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அன்றில் இருந்து ஐப்பசித் தேய்பிறைப் பஞ்சமியில்தான் கொடுக்கிறேன். சதுர்த்தி விரதத்தை நான் விடவில்லை. விடலாமா என்று யோசித்தேன். விட்டால் பிள்ளையாரோடு பேச எனக்கு வேறு நாள் இல்லை. முன்பு போல ஒன்றும் கேட்பதில்லை. போய் நிற்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்லாமல் விட முடியாது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மோர் கரைத்ததே இல்லை. தயிர் இருக்கும், தயிராகவே போடுவாள். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவள் தானாகக் கூட்டிப் பார்த்துக்கொண்டாளா, அல்லது அந்த நாளின் ஞாபகம் மட்டும்தானா என்று எனக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.

மாடி அம்மா அடுத்த வருடம் வீட்டுக்காரரோடு கனடாவுக்குப் போய்விட்டார். போகிற அன்று என் வீட்டுக்காரி அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.  டாக்ஸி எத்தனை மணிக்கு என்று நான் கேட்டேன். "இங்க மூணு, அண்ணாச்சி. உங்க கடிகாரத்துல மூணு பத்து" என்றார். கொஞ்ச நாள் போன் வந்தது. பிறகு அந்த நம்பர் மாறிவிட்டது. இப்போது அவருக்கு எத்தனை மணி என்று எனக்குத் தெரியாது. அவர் இருக்கும் ஊர்ப் பேர் தெரிந்தால்தானே தெரியும்.

நோட்டில் இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. படிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். இதை யாரிடமாவது சொன்னால் இருக்கிறபடியே சொல்லுங்கள். எனக்காக இரக்கப்பட்டு மோரை எடுத்துவிடாதீர்கள். அவருக்கு ஒரு பேர் வைத்துவிடாதீர்கள். செருப்பு விடும் இடத்தில் நிற்க வைத்ததை மறைக்காதீர்கள். மணி வரும் இடத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். என் பையன் போனது ஹைதராபாத்தில் ஞாயிறு பகல் ஒன்று பத்து. அவன் இருந்த ஊரில் விடியற்காலை ஒன்று நாற்பது. இரண்டாவது ஒன்று நாற்பது. முதலாவதில் அவன் உயிரோடு இருந்தான்.